எத்னிக் ஸ்டடீஸ் படிக்கப் போகிறாளாம் மகள், அதுவும் ஒரு குட்டிக் கல்லூரியில்

கேள்வி: டெக்சாஸில் பிளேனோ பக்கம் இருக்கிறோம், சொந்த ஊர் கோயம்புத்தூர். மகள் நான்கு வயதில் எங்களோடு இங்கே வந்தவள், இப்போது 12ஆம் வகுப்பு, பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்து கிடைக்கும் எச்-4 விசாவில் இருக்கிறாள். கிரீன் கார்டுக்காக என் கம்பெனி போட்ட ஐ-140 மனு ஒப்புதலாகிப் பல வருடமாயிற்று, கிரீன் கார்டு இன்னும் வரிசையில் நிற்கிறது. கணக்கில் கெட்டிக்காரி, கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் எடுப்பாள் என்று இருந்தோம். இப்போது எத்னிக் ஸ்டடீஸ், அதாவது அமெரிக்காவில் சிறுபான்மை இன மக்களின் வரலாறும் வாழ்வும் பற்றிய பாடம், படிக்க வேண்டும் என்கிறாள், மொத்தமே 2000 பேர் படிக்கும் ஒரு லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில். நவம்பர் 1க்குள் எர்லி டெசிஷன் என்ற முன்கூட்டிய விண்ணப்பம் போட வேண்டுமாம். இது படிப்பா, அரசியலா? வேலை கிடைக்குமா? யாரும் கேள்விப்படாத கல்லூரிக்கு இவ்வளவு பணம் கொட்டலாமா? போதாக்குறைக்கு வீட்டில் சாதியைப் பற்றிக் கேள்வி கேட்டு எங்களோடு மல்லுக்கு நிற்கிறாள். ஊரில் என் அப்பா கேட்டால் என்ன பதில் சொல்வது?
பெயர் வெளியிட விரும்பாத ஒரு அப்பா

பதில்:

வணக்கம் சார். உங்கள் கடிதத்தில் முக்கால்வாசி பாடத்தைப் பற்றிய கவலை. கல்லூரிச் சேர்க்கை ஆலோசகராக எனக்குக் கவலை தருவது வேறு இரண்டு விஷயம். ஒன்று, அந்தச் சின்னக் கல்லூரியில் இந்தப் பாடத்தை நடத்த எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது. இன்னொன்று, நீங்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோன எச்-4. இரண்டுக்கும் வருகிறேன். ஆனால் முதலில் பாடத்தைப் பற்றிப் பேசாவிட்டால் மற்றது எதுவும் உங்கள் காதில் ஏறாது என்று தெரியும்.

படிப்பா அரசியலா என்று கேட்டிருக்கிறீர்கள். பிறந்தது அரசியலில்தான், அதை யாரும் மறைப்பதில்லை. 1968 நவம்பர் 6 அன்று சான் பிரான்சிஸ்கோ ஸ்டேட் கல்லூரியில் கறுப்பின மாணவர்களும் மெக்சிகோ, பிலிப்பைன்ஸ், சீன, ஜப்பானிய வம்சாவளி மாணவர்களும் சேர்ந்து வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். எங்கள் மக்களின் வரலாறு இங்கே எந்தப் பாடத்திலும் இல்லையே என்பதுதான் அவர்களுடைய புகார். 1969 மார்ச் வரை அது நீண்டது, அதே வருடம் அங்கே எத்னிக் ஸ்டடீஸுக்கென்று தனிப் பிரிவே தொடங்கினார்கள். பெர்க்லியிலும் அந்த வருடம் இதே கதைதான். பிற்பாடு பெர்க்லியில் இந்தத் துறையில் பிஎச்டியும் வந்தது. அரசியல்வாதிகள் இதை விட்டுவைத்ததும் இல்லை. அரிசோனாவில் 2010இல் ஒரு சட்டம் கொண்டுவந்து டூசான் பள்ளிகளில் மெக்சிகன் அமெரிக்கன் பாடத்தை நிறுத்தினார்கள், அதன் பின்னால் இருந்தது இனப் பகைதான் என்று சொல்லி 2017இல் ஒரு ஃபெடரல் நீதிபதி அதைத் தள்ளுபடி செய்தார். உங்கள் டெக்சாஸிலேயே 2018இல் மாநிலக் கல்வி வாரியம் மெக்சிகன் அமெரிக்கன் ஸ்டடீஸைப் பள்ளி விருப்பப் பாடமாக ஏற்றிருக்கிறது. உங்கள் மகளுக்கு இந்த ஆர்வம் எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் பள்ளியில் ஏதோ ஒரு வகுப்பு, ஏதோ ஒரு நல்ல டீச்சர் இருப்பார்.

சரி, உள்ளே என்னதான் படிப்பார்கள்? ஒரு உதாரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது உங்கள் வீட்டு விஷயம்.

அந்தக் காலத்தில் அமெரிக்காவில் வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியவர் குடியுரிமை வாங்க வேண்டுமானால் வெள்ளையராகவோ ஆப்பிரிக்க வம்சாவளியினராகவோ இருக்க வேண்டும். 1922இல் டக்காவோ ஓசாவா என்ற ஜப்பானியர் உச்ச நீதிமன்றம் போனார். வெள்ளையர் என்றால் காக்கேசிய இனம், நீங்கள் அந்த இனம் இல்லை, போய் வாருங்கள் என்றது நீதிமன்றம். மூன்றே மாதம் கழித்து 1923 பிப்ரவரியில் பகத் சிங் திண்ட் என்ற பஞ்சாபியின் வழக்கு வந்தது. முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். அன்றைய அறிவியல் நூல்கள்படி இந்தியர்களும் காக்கேசியர்கள்தான், நான் உயர்சாதி ஆரியன், கலப்பில்லாதவன், ஆகவே வெள்ளையன் என்று வாதாடினார்கள் அவர் தரப்பில். அதே நீதிமன்றம், அதே நீதிபதி சதர்லேண்ட் எழுதிய தீர்ப்பு: அறிவியல் என்ன சொன்னால் என்ன, சாதாரண மனிதன் கண்ணுக்கு நீங்கள் வெள்ளையர் இல்லை. அதற்குப் பிறகு, ஏற்கெனவே குடியுரிமை வாங்கியிருந்த இந்தியர்கள் பலரிடமிருந்தும் அதைத் திரும்பப் பிடுங்கினார்கள். 1946இல் சட்டம் மாறியபோதுதான் இந்தியர்களுக்குக் குடியுரிமைக் கதவு திறந்தது, புதிதாக வந்து குடியேறுவதோ வருடத்துக்கு 100 பேர் என்ற கணக்கில். நம் சுப்ரமணியன் சந்திரசேகர் 1937இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்தவர், குடியுரிமை பெற்றது 1953இல். நடுவில் முதல் ஒன்பது வருடம் அவரே விரும்பிக் கேட்டிருந்தாலும் சட்டப்படி கொடுத்திருக்க மாட்டார்கள். நட்சத்திரங்களின் எடைக்கு எல்லை போட்டவருக்கே அந்த நிலை.

இப்போது உங்கள் கிரீன் கார்டு வரிசைக்கு வாருங்கள். நாட்டுக்கு இத்தனை சதவீதத்துக்கு மேல் கிடையாது என்ற உச்சவரம்பு எங்கிருந்து வந்தது, 1965 சட்டத்தில் அது எந்த வடிவில் இருந்தது, 1990இல் எப்படி 7 சதவீதமாயிற்று, எல்லா நாட்டுக்கும் சமம் என்று எழுதிய விதி ஏன் இந்தியர்களைப் பல்லாண்டு காலம் நிறுத்திவைக்கிறது, இதெல்லாம் அந்தத் துறையில் ஒரு செமஸ்டர் வகுப்புக்கான பொருள். நீங்கள் அனுபவிக்கிறீர்கள், அவள் அதை ஆராயப் போகிறாள். சட்டம் படிக்க வேண்டும், மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தரவைப் பிரித்து மேய வேண்டும், ஆவணக் காப்பகத்தில் உட்கார வேண்டும், வயதானவர்களிடம் பேசிப் பதிவு செய்ய வேண்டும். கணக்கில் கெட்டிக்காரி என்றீர்கள் இல்லையா, அது வீணாகப் போகாது. சொல்லப்போனால் இந்தத் துறைக்கு வரும் பிள்ளைகளில் எண்களைக் கண்டு பயப்படாதவர்கள் குறைவு, அவளுக்கு அது ஒரு பலம்.

சாதிச் சண்டைக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். அது குறையாது, கூடும். திண்ட் வழக்கில் சாதியை வைத்து வெள்ளையர் வரிசையில் நிற்கப் பார்த்தார்கள் என்று படித்துவிட்டு வரும் பெண், இரவுச் சாப்பாட்டில் உங்களிடம் சும்மா இருப்பாளா? 1946இல் அம்பேத்கர், கறுப்பின அறிஞர் டபிள்யூ. இ. பி. டு போய்ஸுக்குக் கடிதம் எழுதியதும் அவர் பதில் போட்டதும் வகுப்பில் வரும். 2021இல் கோல்பி என்ற சின்ன லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி, பாகுபாடு கூடாது என்ற தன் விதியில் சாதியையும் சேர்த்தது. 2023இல் சியாட்டில் நகரம் சட்டமே போட்டது, அதே வருடம் கலிஃபோர்னியாவில் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் தடுத்தார். இதில் நீங்கள் எந்தப் பக்கம் என்று நான் கேட்கப் போவதில்லை. ஆனால் அவள் கேட்கும்போது "அதெல்லாம் இப்ப யாரும் பாக்கறதில்ல" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அந்த ஒரு பதிலுக்கு வகுப்பில் ஒரு வாரம் ஒதுக்கியிருப்பார்கள்! உங்களுக்குத் தெரிந்ததை, உங்கள் தாத்தா காலத்தில் ஊரில் யாருக்கு எந்தக் கிணறு, எந்த வீட்டில் யார் திண்ணையோடு நின்றார்கள் என்பதை உள்ளபடியே சொல்லுங்கள். அவளுக்கு அது வேறெங்கும் கிடைக்காத தகவல்.

ஊரில் அப்பாவிடம் வரலாறும் சட்டமும் சேர்ந்த படிப்பு என்று சொல்லுங்கள். பொய்யில்லை, போதும்.

இனி கல்லூரி. எனக்கு உண்மையில் தயக்கம் தரும் பகுதி இதுதான், பொறுமையாகப் படியுங்கள்.

2000 பேர் படிக்கும் கல்லூரி என்பதில் நல்லது நிறைய. வகுப்பில் பன்னிரண்டு பதினைந்து பேர் இருப்பார்கள், பாடம் எடுப்பது பேராசிரியரே, பெரிய பல்கலைக்கழகத்தில் போல ஆராய்ச்சி மாணவர் வந்து கட்டுரை திருத்துவது கிடையாது. கடைசி வருட ஆய்வேட்டை ஒரு பேராசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து வரிக்கு வரி பார்ப்பார். நாளைக்குச் சட்டக் கல்லூரிக்கோ வேறெதற்கோ பரிந்துரைக் கடிதம் வேண்டுமென்றால் அவளை நன்றாகத் தெரிந்தவர் எழுதுவார். வாட்சன் ஃபெலோஷிப் என்று ஒன்று உண்டு, பட்டம் முடித்ததும் ஒரு வருடம் உலகம் சுற்றித் தன் கேள்வியைத் தேடிப் போகப் பணம் தருகிறார்கள். அதற்கு விண்ணப்பிக்க முடிவதே குறிப்பிட்ட சில சின்னக் கல்லூரி மாணவர்கள்தான்.

கெட்டது என்னவென்றால், அந்தத் துறையே மூன்று பேராக இருக்கும். சில இடத்தில் ஒன்றரைப் பேர், அதாவது ஒருவர் முழுசாக, இன்னொருவர் வரலாற்றுத் துறையிலிருந்து பாதி இரவல். அந்த மூன்றில் ஒருவர் சபாட்டிக்கல் என்ற நீண்ட விடுப்பில் போவார், ஒருவர் வேறு பல்கலைக்கழகத்தில் நல்ல வேலை கிடைத்துக் கிளம்புவார், மிச்சமிருப்பவர் ஆண்டு ஒப்பந்தத்தில் வந்த தற்காலிக ஆசிரியர். கேட்டலாகில் நாற்பது பாடம் அச்சடித்திருப்பார்கள், அந்த வருடம் நடப்பது நாலு. தென்னாசிய அமெரிக்கர் பற்றிய வகுப்பு எங்கே என்றால் "கடைசியாக நடந்தது மூன்று வருடம் முன்னால்" என்பார்கள். உங்கள் மகளுக்கு அந்தக் கல்லூரி பிடித்ததற்குக் காரணம் கேட்டலாகைப் படித்ததா, புல்வெளியைப் பார்த்ததா என்று எனக்குத் தெரியாது. எதுவாக இருந்தாலும் இப்போது அவள் உட்கார்ந்து கடந்த நாலு செமஸ்டரில் உண்மையாக நடந்த வகுப்புகளின் பட்டியலை எடுக்க வேண்டும். ரெஜிஸ்ட்ரார் அலுவலகத்தின் வலைப்பக்கத்தில் பெரும்பாலும் பொதுவில் இருக்கும், இல்லாவிட்டால் துறைக்கு எழுதிக் கேட்கலாம். அதில் யார் யார் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது, அவர்களில் எத்தனை பேருக்கு டெனியர் என்ற நிரந்தரப் பணி இருக்கிறது, கடைசி வருடத்தில் எத்தனை பேர் இந்த மேஜரில், அதாவது இதை முதன்மைப் பாடமாக எடுத்து, பட்டம் வாங்கினார்கள், அவர்கள் இப்போது எங்கே. இந்தக் கேள்விக்குச் சுற்றி வளைத்துப் பதில் சொல்லும் துறையை நான் பட்டியலிலிருந்து அடித்துவிடுவேன்.

பெயரிலும் ஏமாற வேண்டாம். பல நல்ல கல்லூரிகளில் எத்னிக் ஸ்டடீஸ் என்ற பலகையே இருக்காது, வேறு பெயரில் அதே படிப்பு இருக்கும். மினசோட்டாவில் மக்கலெஸ்டரில் அமெரிக்கன் ஸ்டடீஸ் என்ற துறைக்குள் தேடினால் கிடைக்கும், ஓபர்லினில் கம்பேரட்டிவ் அமெரிக்கன் ஸ்டடீஸ் என்பார்கள், விட்மனில் ரேஸ் அண்ட் எத்னிக் ஸ்டடீஸ், கொலராடோ காலேஜில் ரேஸ், எத்னிசிட்டி அண்ட் மைக்ரேஷன் ஸ்டடீஸ். கடைசியாகச் சொன்ன இடத்தில் ஒரு நேரத்தில் ஒரே பாடம்தான், மூன்றரை வாரத்தில் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். சில பிள்ளைகளுக்கு அது சொர்க்கம், சிலருக்கு மூச்சு முட்டும்.

சின்னக் கல்லூரியின் இந்தக் குறைக்கு நான் பார்த்தவரையில் சரியான மருந்து, கூட்டாக இயங்கும் கல்லூரிகள். கலிஃபோர்னியாவில் கிளேர்மான்ட்டில் பொமோனா, ஸ்கிரிப்ஸ், பிட்சர், ஹார்வி மட், கிளேர்மான்ட் மெக்கென்னா ஐந்தும் அடுத்தடுத்த வளாகம், ஏஷியன் அமெரிக்கன் ஸ்டடீஸ், ஆஃப்ரிகானா ஸ்டடீஸ், சிகானோ லத்தீனோ ஸ்டடீஸ் மூன்றையும் கல்லூரிகள் சேர்ந்தே நடத்துகின்றன. ஒரு கல்லூரியில் ஆசிரியர் விடுப்பில் போனால் பக்கத்துக் கல்லூரிக்கு நடந்துபோய்ப் படிக்கலாம். மாசசூசெட்ஸில் ஆம்ஹெர்ஸ்ட், ஸ்மித், மவுன்ட் ஹோலியோக் வட்டாரத்திலும் இப்படித்தான், அங்கே பக்கத்தில் மாநிலப் பல்கலைக்கழகமும் கூட்டணியில் உண்டு, ஏஷியன் பசிபிக் அமெரிக்கன் ஸ்டடீஸில் கூட்டுச் சான்றிதழே தருகிறார்கள். ஊரும் முக்கியம். மக்கலெஸ்டர் இருக்கும் செயின்ட் பால் நகரத்தில் லாவோஸ் பக்கமிருந்து வந்த மோங் மக்கள் பெருந்தொகையாக இருக்கிறார்கள், செயின்ட் பால், மினியாபொலிஸ் என்ற இரட்டை நகரங்களில் சோமாலியர்களும் அதிகம். வகுப்பில் படித்ததை வெளியே பஸ் ஏறிப் போய்ப் பார்க்கலாம். சுற்றிலும் சோளக்காடு மட்டும் இருக்கும் கல்லூரியில் அதற்கு வழியில்லை, கோடைவிடுமுறைக்குக் காத்திருக்க வேண்டும்.

கல்லூரியின் கையிருப்பையும் பாருங்கள். ஓக்லாந்தில் இருந்த மில்ஸ் கல்லூரி 1852இல் தொடங்கியது, பணமில்லாமல் 2022இல் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தோடு கலந்துவிட்டது. அரசுக் கல்லூரியானால் வேறு ஆபத்து. ஃப்ளோரிடாவின் நியூ காலேஜ் ஒரு சின்ன லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிதான், ஆளுநர் அறங்காவலர்களை மாற்றினார், 2023 ஆகஸ்டில் அவர்கள் ஜெண்டர் ஸ்டடீஸை ஒழிக்க வாக்களித்தார்கள். இன்று அந்தத் துறை, நாளை எதுவோ.

வேலையைப் பற்றி நேராகச் சொல்கிறேன். படித்து முடித்த உடனே பார்த்தால் சம்பளம் கம்ப்யூட்டர் சயின்ஸ் பிள்ளைகளுக்குச் சமமாக இருக்காது. இந்தப் படிப்பு முடித்தவர்களில் நிறையப் பேர் இரண்டாவதாக ஒரு பட்டத்துக்குப் போகிறார்கள்: சட்டம், பொதுச் சுகாதாரம், சமூகப் பணி, ஆசிரியர் பயிற்சி. சட்டக் கல்லூரிகள் குறிப்பிட்ட மேஜர் கேட்பதில்லை, நல்ல மதிப்பெண்ணும் எல்சாட் என்ற நுழைவுத் தேர்வும் எழுதத் தெரிந்த கையும் போதும். மருத்துவக் கல்லூரிகூட உயிரியல், வேதியியல் முன்பாடங்களை முடித்திருந்தால் மேஜர் எதுவென்று பார்ப்பதில்லை. ஆவணக் காப்பகம், அருங்காட்சியகம், குடியேறியோர் அமைப்புகள், இதழியல் எல்லாம் உண்டு. ஃபிலடெல்ஃபியாவில் சாடா என்ற தென்னாசிய அமெரிக்க டிஜிட்டல் காப்பகம் 2008 முதல் இயங்குகிறது, ஆய்வேட்டுக்கு ஆதாரம் தேட நல்ல இடம். பள்ளிகளில் இந்தப் பாடம் கட்டாயமாகிறது, வேலை கொட்டப்போகிறது என்று யாராவது சொன்னால் கொஞ்சம் நிதானியுங்கள். கலிஃபோர்னியாவின் 2021 சட்டம் 2030இல் பள்ளி முடிப்பவர்களுக்கு இதைக் கட்டாயமாக்குகிறது, ஆனால் மாநில பட்ஜெட்டில் பணம் ஒதுக்கினால்தான் அமல் என்று அதே சட்டத்தில் எழுதியிருக்கிறது. அப்புறம் பிஎச்டி. உதவித்தொகை முழுசாகத் தரும் இடத்தைத் தவிர வேறெங்கும் போகக் கூடாது என்று இப்போதே சொல்லி வையுங்கள்.

கடைசியில் எச்-4. இதைப் பற்றி அவளுடைய பள்ளி ஆலோசகர் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன், பலருக்கும் தெரியாது.

எச்-4 பிள்ளைக்கு ஃபாஃப்சா என்ற விண்ணப்பம் வழியாக வரும் மத்திய அரசு உதவி கிடையாது. பல தனியார் கல்லூரிகள் உதவித்தொகைக் கணக்கில் அவளை வெளிநாட்டு மாணவியாகத்தான் வைக்கும், நாலு வயதிலிருந்து பிளேனோவில் இருந்தாலும். வெளிநாட்டு மாணவர் என்றால் பெரும்பாலான இடங்களில் குடும்ப வசதியைப் பார்த்துத்தான் இடம் தருகிறார்கள். ஆம்ஹெர்ஸ்ட், போடன் மாதிரி சில கல்லூரிகள் மட்டும் எந்த நாட்டவரானாலும் வசதியைப் பார்க்காமல் முடிவெடுக்கின்றன. இந்த வகைக் கல்லூரிகளில் ஒரு வருடச் செலவு, தங்குமிடம் சாப்பாடு எல்லாம் சேர்த்து, இப்போது 85,000 டாலரைத் தாண்டுகிறது. கல்லூரிகளின் வலைத்தளத்தில் இருக்கும் செலவுக் கணக்கியில் உங்கள் சம்பளத்தைப் போட்டுப் பார்த்து நிம்மதியடையாதீர்கள், அது குடியுரிமை அல்லது கிரீன் கார்டு உள்ளவர்களை மனதில் வைத்துச் செய்தது.

அடுத்தது 21 வயது. அவள் மூன்றாம் நான்காம் வருடம் படிக்கும்போது எச்-4 காலாவதியாகும், எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்கு மாற வேண்டும். உங்கள் ஐ-140 நிலுவையில் இருந்த நாட்களைக் கழித்து அவள் வயதைக் கணக்கிடும் சட்டம் ஒன்று உண்டு, அது எவ்வளவு உதவும் என்பதை உங்கள் வழக்கறிஞர்தான் தேதிகளை வைத்துச் சொல்ல முடியும். எச்-4இல் இருக்கும்வரை சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது, கல்லூரி நூலக வேலைகூட. அதனால் சிலர் முதல் வருடமே எஃப்-1க்கு மாறுகிறார்கள். பட்டம் முடிந்ததும் ஓபிடி என்ற வேலை அனுமதி 12 மாதம். ஸ்டெம், அதாவது அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் சார்ந்த படிப்பானால் மேலே 24 மாதம் நீட்டிப்பு உண்டு, எத்னிக் ஸ்டடீஸ் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே என் யோசனை டபுள் மேஜர்: எத்னிக் ஸ்டடீஸோடு புள்ளியியலோ கம்ப்யூட்டர் சயின்ஸோ. உங்களைச் சமாதானப்படுத்த இதைச் சொல்லவில்லை, கிரீன் கார்டு கையில் இருந்தால் இந்த யோசனையே சொல்லியிருக்க மாட்டேன். இரண்டு மேஜரும் மாணவர் விசாவுக்காகக் கல்லூரி தரும் ஐ-20 படிவத்தில் பதிவாக வேண்டும், நீட்டிப்பில் செய்யும் வேலை அந்த ஸ்டெம் மேஜரோடு சம்பந்தப்பட்டதாக இருக்க வேண்டும். சின்னக் கல்லூரிகளில் டபுள் மேஜர் சகஜம், பொமோனா மாணவி ஹார்வி மட்டில் கணினி வகுப்பு எடுப்பதெல்லாம் அன்றாடம் நடப்பது. அவளிடம் இதை விசா விஷயமாகவே சொல்லுங்கள். உன் பாடத்தை நம்பவில்லை என்று சொல்வது போலத் தொனித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

எர்லி டெசிஷன் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம், இடம் கிடைத்தால் மற்ற விண்ணப்பங்களையெல்லாம் வாபஸ் வாங்க வேண்டும். எச்-4 பிள்ளைக்கு உதவித்தொகை எவ்வளவு என்று தெரியாமல் அதில் கையெழுத்துப் போடாதீர்கள். இந்த வாரமே அந்தக் கல்லூரியின் உதவித்தொகை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போடுங்கள், மூன்று கேள்வி: எச்-4 மாணவியை எந்தப் பிரிவில் வைப்பீர்கள், அந்தப் பிரிவுக்கு முழுத் தேவையையும் ஈடுகட்டுவீர்களா, முடிவுக்கு முன்னால் உத்தேசத் தொகை சொல்வீர்களா. நடுவில் கிரீன் கார்டு வந்தால் உதவித்தொகையை மறுபடி கணக்கிடுவார்களா என்பதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளலாம். பதில் எழுத்தில் வர வேண்டும், ஃபோனில் சொன்னது கணக்கில்லை. அக்டோபர் நடுவுக்குள் வராவிட்டால் எர்லி டெசிஷனை விட்டுவிட்டு ஜனவரி சுற்றில், நான் மேலே சொன்ன கூட்டுக் கல்லூரிகளில் இரண்டையாவது சேர்த்து, கட்டுப்படுத்தாத வழக்கமான விண்ணப்பமாகப் போடச் சொல்லுங்கள்.